மீதி இருபத்து மூன்றரை மணி

ஆட்டம் முப்பது நிமிடம்.
மீதி இருபத்து மூன்றரை மணி நேரத்துக்கு
என்ன காட்டுவதென்று
தேங்காய் உடைக்கும்வரை யாரும் யோசிக்கவில்லை.

அம்மாபேட்டையில் அமானுல்லாவின் கேபிள் அறை.
சூடத்தட்டோடு வந்த மாதையனை
"ஒயரு, ஒயரு" என்று மறித்து
வாசலிலிருந்தே காட்டச் சொன்னார்.
எங்களுக்குக் கிடைத்த எண் தொண்ணூற்றேழு.
ஒரு பக்கம் சுப்ரபாதம், மறுபக்கம் மூலிகை எண்ணெய்.
நடுவே நாங்கள்,
கன்னங்குறிச்சிப் பெண்கள் கபடிக் குழு:
பன்னிரண்டு பேர், இரண்டு கேமரா, ஒன்றரை மைக்.
அரை மைக் என்பது
தட்டினால் மட்டும் பேசுவது.

சொந்தச் சேனல் எதற்கு என்றவர்களிடம்
மாதையன் உரிமைத்தொகை, விளம்பரம் என்று
கணக்குச் சொன்னார்.
கணக்கு பொய்யில்லை.
காரணம் வேறு.

போன வருடம் கரூரில் அரையிறுதி.
வெளியூர்ச் சேனல் ஒன்று நேரலை எடுத்திருந்தது.
கடைசி ரெய்டு. பாடிப் போனது நான்.
இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பும்போது
மூன்றாமவள் கணுக்காலைப் பிடித்தாள்.
இழுத்துக்கொண்டே விழுந்து
விரல்நுனியைக் கோட்டில் வைத்தேன்.
அந்தப் பதினெட்டு நொடியும்
ஊரெல்லாம் பார்த்தது
தங்க வளையல் விளம்பரம்.
படம் திரும்பி வந்தபோது
மண்ணில் உட்கார்ந்திருக்கிறேன், எண் மாறியிருக்கிறது.
அம்மா போனில் கேட்டாள்:
"எப்பிடிடீ ஜெயிச்சீங்க?"

முழங்கால் அதோடு போயிற்று.
இப்போது சேனலில் இரவு வேலை.
எட்டு மணிக்குப் பழைய ஆட்டம்.
பத்து மணிக்கு அதே ஆட்டம்.
இடையில் செவ்வாய்ப்பேட்டை சவுண்டப்பன் கொலுசுக் கடை,
பணம் பாக்கி வைத்த ஒரு ஜவ்வரிசி மில்.
மேச்சேரியில் தோற்றதை
இதுவரை நாற்பத்தொரு முறை ஒளிபரப்பியாயிற்று.
நாற்பத்தொரு முறையும் கோகிலவாணி
அதே இடத்தில் கோட்டை மிதிக்கிறாள்.
"அத மட்டும் வெட்டிருக்கா" என்கிறாள்.
மாட்டேன்.
வெட்டுப்பட்டவள் நான்.

பதினொன்றுக்கு மேல் கைவசம் ஒன்றுமில்லை.
மைதானத்துக் கம்பத்துக் கேமராவைத்
திறந்துவிடுவேன்.
காலி ஆடுகளம். ஒரு டியூப்லைட்.
போனஸ் கோட்டில் படுத்திருக்கும் செவலை நாய்.
பின்னால் சேர்வராயன் மலை, கறுப்பாக.
கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி திரும்பினால்
அன்றைய முக்கிய நிகழ்வு அதுதான்.

யார் பார்க்கப் போகிறார்கள் என்றிருந்தேன்.
இரும்பாலையில் ஷிப்டு முடித்துவந்த ஒருவர்
"நாயை இன்னிக்குக் காணமே?" என்றார்.
பெரியாஸ்பத்திரி எதிர் லாட்ஜிலிருந்து ஒரு பெண்,
கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ள முடியுமா,
கம்பம் நிலாவை மறைக்கிறது என்றாள்.
ஏன் தூங்கவில்லை என்று நான் கேட்கவில்லை.
தள்ளினேன்.

மூன்றாவது அழைப்பு ஏற்காட்டிலிருந்து.
காப்பித் தோட்டத்து மோட்டார் ரூம் காவல். பெயர் இன்னாசி.
"ஒங்க படத்துல மேல, வலது ஓரமா,
ஒத்த வெளிச்சம் ஒண்ணு தெரியுதே,
அது நாந்தாம்மா.
அணைச்சுக் காட்டட்டுமா?"

"அணைங்க."
"அணைச்சிட்டேன்."

திரையில் எரிந்துகொண்டிருந்தது.
எங்கள் சேனல் உலகத்தைவிட ஏழு நொடி தாமதம்.
அமானுல்லா பெட்டியை இரண்டு முறை மாற்றியும்
குறையாத ஏழு நொடி.
அவர் மூச்சு போனில் கேட்டது.
நான் என்னுடையதைப் பிடித்துவைத்திருந்தேன்,
எதிராளி மண்ணில் நிற்கும்போது பிடிப்பதுபோல.

மலையின் வலது ஓரம்
இருண்டது.

"போயிட்டேன்! பாத்தீங்களா, போயிட்டேன்!"
என்று கத்தினார் இன்னாசி.
செவலை நாய் தலைதூக்கிப் பார்த்து
மறுபடி படுத்தது. அது தற்செயல்தான்.

காலையில் மாதையன்
நிகழ்ச்சி அட்டவணைக்குத் தலைப்பு கேட்டார்.
பதினொன்று முதல் ஐந்து வரை, நேரலை
என்று எழுதிக் கொடுத்தேன்.
அந்த நேரத்துக்கும் சவுண்டப்பன்
கொலுசு விளம்பரம் தருகிறாராம், நடுநடுவே.
நல்ல தொகை.

இன்னாசியைக் கேட்காமல்
சொல்ல முடியாது என்றேன்.